காளான் படுக்கையின் அடக்கவிலை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கலைக் கல்லூரியில் உபந்நியாசம் ஒன்றை முடித்துக்கொண்டு புறப்படும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டபடியால், தாவரவியல் துறையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற எனக்கு, வெள்ளிக்கிழமைக் கடைசி மணி வகுப்பு ஒன்று ஜன்னல் வழியே காணக் கிடைத்தது. உள்ளே இருந்தவர்கள் வணிகவியல் மாணவர்கள். நடந்த பாடமோ காளான் வளர்ப்பு. நறுக்கி ஊறவைத்து வேகவைத்த வைக்கோலை, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் பாலிதீன் பைக்குள் ஓர் அடுக்காகப் பரப்பி, விளிம்பை ஒட்டிக் காளான் வித்தைத் தூவி, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று ஆசிரியை வெகு சிரத்தையுடன் செய்துகாட்டினார். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், ஒரு படுக்கைக்கு அடக்கவிலை என்ன வரும்? அறுத்த காளான் ரெண்டு நாள்ல வாடிப்போனா, விக்காத சரக்கை எந்தக் கணக்குல எழுதுறது?" என்று கேட்டான்.

"அதெல்லாம் நம்ம சிலபஸ்ல இல்லப்பா, உட்காரு."

உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மையாரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நம் கல்லூரிகளின் இளநிலைப் பட்டப்படிப்பில், முதற்பகுதி தமிழுக்கும், இரண்டாம் பகுதி ஆங்கிலத்துக்கும், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடத்துக்கும் அல்லைடு பாடத்துக்கும் என்று பங்கு பிரித்த பிற்பாடு, எங்கும் சேராதவற்றையெல்லாம் போட்டுவைக்கும் அஞ்சறைப்பெட்டியைப் போல் நான்காம் பகுதி ஒன்று இருக்கிறது. 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து கட்டாயமான சுற்றுச்சூழல் பாடமும், ஒரு துறை பிற துறை மாணவர்களுக்கென நடத்தும் 'நான்-மேஜர் எலெக்டிவ்' பாடமும் அதில்தான் அடங்கும். வழக்கமாக அதற்கு இரண்டே கிரெடிட்; கால அட்டவணையில் மிஞ்சிய மணி; துறையில் யாருக்குப் பணிப்பளு குறைகிறதோ அவர் தலையில் பொறுப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டில் 9-ஐப் பல்துறைப் பாடங்களுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு முன்னேற்றம்தான் என்றாலும், பெட்டி பெரிதாயிற்றே ஒழிய அறைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடவில்லை.

துறைகளின் சங்கமம் என்னும் இந்த லட்சியம் நேற்று முளைத்ததன்று. சுதந்திரம் வந்த மறு ஆண்டு நியமனம் பெற்று, 1949-இல் தன் அறிக்கையை அளித்த ராதாகிருஷ்ணன் குழு, விஞ்ஞானம் பயில்வோன் மனித வாழ்வின் பொது விஷயங்களையும், கலை பயில்வோன் விஞ்ஞானத்தின் போக்கையும் அறியும்படி பொதுக்கல்வி ஒன்று வேண்டுமென்று விரிவாகவே எழுதிற்று. அதே 1949-இல்தான் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில், பின்னாளில் கீல் சர்வகலாசாலை என்று பெயர் பெற்ற கல்லூரி பிறந்தது. ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வந்து அதன் தலைமையை ஏற்ற லிண்ட்சே, பட்டப்படிப்பை நான்காண்டாக்கி, முதலாண்டு முழுவதையும் மாணவர் அனைவருக்கும் பொதுவான அஸ்திவாரமாக வைத்து, அதன் பின்னரும் கலை பயில்வோன் ஒரு விஞ்ஞானத்தையும் விஞ்ஞானம் பயில்வோன் ஒரு கலைப் பாடத்தையும் கைவிடலாகாது என்று விதித்தார். அதற்கும் முப்பது ஆண்டு முன்னதாக, 1919-இல், முதல் உலகப் போர்க்காலப் பாடம் ஒன்றன் வழித்தோன்றலாக நியூயார்க்கின் கொலம்பியாவில் தொடங்கிய 'சமகால நாகரிகம்' என்னும் பாடம் இன்றும் நடைபெறுகிறது. சரித்திரம், தத்துவம், பொருளாதாரம் என்று பல துறை ஆசிரியர்களும் சிறு சிறு வகுப்புகளில் மாணவரோடு அமர்ந்து விவாதிக்கும் முறை அது. அங்கே பாடத்தைப் பெற்றெடுத்தது ஒரு துறையன்று, ஒரு கேள்வி என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இத்தகைய ஏற்பாட்டுக்கு விலை உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஓராண்டு கூடுதலானால் அந்த ஓராண்டுச் செலவை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி எந்த நாட்டிலும் எழும். டெல்லி பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டுப் படிப்பைப் புகுத்தி, 11 அடிப்படைப் பாடங்களை எல்லோருக்கும் கட்டாயமாக்கியபோது, அவை பள்ளிப் பாடத்தின் மறுபதிப்பாக இருக்கின்றன என்ற கண்டனமும், ஏழை வீட்டுப் பிள்ளை ஓராண்டு அதிகம் படிக்க வேண்டியிருக்கிறதே என்ற கவலையும் சேர்ந்து, அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. நுனிப்புல் மேய்வதற்குப் பல்துறைக் கல்வி என்று பெயர் சூட்டினால் வேறென்ன நடக்கும்?

என் அபிப்பிராயம் சற்றுப் பழமையானது. ஒரு சாஸ்திரத்திலாவது கால் ஊன்றாதவனுக்கு இரண்டு சாஸ்திரங்கள் சந்திக்கும் இடம் புலப்படாது. காளானைக் கண்டதும் அடக்கவிலை கேட்கத் தோன்றியது, அந்தப் பையன் கணக்கியலை மனத்தில் வாங்கியிருந்ததால்தான். ஆகவே இப்பாடங்களை முதலாண்டின் கூட்டத்தில் திணிப்பதைவிட, கைவசம் கொஞ்சம் சரக்கு சேர்ந்துவிட்ட மூன்றாம் ஆண்டில், துறையின் பெயரால் அல்லாமல் ஒரு பொருளின் பெயரால் வைப்பதே உசிதம். ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தைச் சரித்திர மாணவன் விளக்க, மதகின் வழியே பாயும் நீரின் வேகத்தைப் பௌதிக மாணவி கணக்கிட, தூர் வாரிய செலவின் பில்லை வணிகவியல் மாணவன் புரட்டிப் பார்க்க, கரையில் மூவரும் சண்டையிட்டுக்கொள்ளட்டும். இரு துறை ஆசிரியர்கள் உடன் நின்று, தமக்குத் தெரியாததை மாணவர் முன்னிலையிலேயே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த யோசனையை, அனுபவம் மிக்க ஒரு கல்லூரி முதல்வரிடம் பிரஸ்தாபித்தேன். பொறுமையாகக் கேட்டார், நல்லது என்றும் சொன்னார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து பணிப்பளுப் பதிவேட்டை எடுத்து என் முன் விரித்து வைத்துவிட்டு, "ஒரு வகுப்பில் ரெண்டு வாத்தியார் நின்னா, அந்த மணியை யார் கணக்குல எழுதுறது, சொல்லுங்க?" என்றார்.