கடமை இருக்க ‘டியூட்டி’ எதற்கு?

கச்சி மாநகர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு நாழிகை நின்றால் போதும். ஓட்டுநர் ‘டியூட்டி’க்கு வருகிறார், காவலர் ‘டியூட்டி’ மாறுகிறார், செவிலியர் ‘டியூட்டி’ முடிந்து வீடு திரும்புகிறார். தமிழில் இதற்குச் சொல்லே இல்லாததுபோல் நம்மவர் நாவில் அது குடியேறிவிட்டது.

அதன் பிறப்பு என்ன? இலத்தீனில் ‘தெபேரே’ என்பது கடன்படுதல். அதன் வழிவந்த பழம் பிரெஞ்சுச் சொல்லே ‘டியூட்டி’க்குத் தாய். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்தம் பிரெஞ்சு வழியே அது ஆங்கிலத்துட் புகுந்தது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்பதும் அதன் உடன்பிறப்பே. ஆங்கிலரே கடனாகப் பெற்ற சொல்லை நாம் மீண்டும் கடன் வாங்குகிறோம்!

தமிழிலோ கடன், கடமை, கடப்பாடு மூன்றும் ஒரே வேரிற் கிளைத்தவை. வாங்கியதைத் திருப்புவதும் கடன். பெற்றோர்க்கு ஆற்றுவதும் கடன். சோழர் கல்வெட்டில் ‘கடமை’ என்றால் நிலவரி. (ஆங்கிலச் சொல்லும் வரியைக் குறிக்கும், ஒன்றையொன்று பார்த்து எழுதியதன்று.) காஞ்சி நெசவாளர் இதனை வாழ்ந்தே காட்டியவர். 10ஆம் நூற்றாண்டில், உத்தம சோழன் காலத்துச் செப்பேட்டின்படி, இந்நகரின் நெசவாளர் சேரியார் ஊரகக் கோயிலின் பொன்னைப் பெற்று ஆண்டுதோறும் பொலிசை செலுத்தினர். அக்கோயிற் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பும் நெசவாளரிடமே இருந்தது. பட்ட கடனே பொறுப்பாய் மலர்ந்த ஊர் இது. 1909இல் இங்கே பிறந்த அறிஞர் அண்ணா தம் தோழர்க்கு வகுத்த மூன்றனுள் முதலாவதும் கடமையே.

‘டியூட்டி’யில் இவற்றுள் எது எஞ்சியது? வேலைநேரம் ஒன்றே. மணி அடித்ததும் முடிந்துவிடுகிறது. முறையிட வந்த முதியவரிடம் “என் டியூட்டி முடிந்தது” என்று எழுந்து செல்லும் அலுவலர், “என் கடமை முடிந்தது” என்று அவர் முகம் பார்த்துச் சொல்வாரா? நா கூசும்.

வேலைநேரத்தைத்தான் சொல்லவேண்டுமா? ‘பணி’ இருக்கிறது, மாறிமாறி வருவதற்கு ‘முறை’ இருக்கிறது. இறக்குமதிப் பொருளுக்கு இறுப்பது ‘தீர்வை’. அதற்கும் முன்னரே, காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ‘உல்கு’ என்னும் சொல் ஆளப்பட்டிருக்கிறது. காஞ்சித் தோழர்கள் வரும் திங்களிலேயே தத்தம் பணிமனைப் பலகையில் அச்சொல்லை அழித்துப் ‘பணி’ என்று எழுதட்டும். சுண்ணக்கட்டி ஒன்று போதும்.