கணக்கில் வராத உயிர்!

"கணிப்பொறி வந்துவிட்டது, இனிக் கவலை எதற்கு?" என்கிறார்கள், பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் தீட்டுவோர். தெருவின் மேடு பள்ளம், குடியிருப்போரின் தொகை, கழிவுநீரின் அளவு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் போதுமாம். எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய், எவ்வளவு ஆழம், எவ்வளவு சரிவு என்று மென்பொருளே சொல்லிவிடுமாம். மாதக்கணக்கில் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை, மளமளவென்று முடிந்துவிடுகிறதாம்.

மகிழ்ச்சி! அறிவியலை வரவேற்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்களல்லர். ஆயினும் கேட்கிறோம்: குழாயின் விலையைக் கணக்கிடும் அந்தக் கருவி, குழிக்குள் இறங்குகிறவனின் உயிருக்கு என்ன விலை போட்டிருக்கிறது?

குழாய்க்கும் உயிருக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். தொடர்பு, சரிவில் இருக்கிறது தோழர்களே!

சாக்கடைக் குழாயில் நீரை ஓட்டுவது பெரும்பாலும் சரிவுதான். அந்த நீர் நொடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். ஓடினால், மணலையும் மலத்தையும் அடித்துச் செல்லும். குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். ஓடாவிட்டால் வண்டல் படியும். படிந்தது அழுகும். அழுகியதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று கிளம்பும். குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம்? மூடியைத் திறப்பார்கள், ஓர் ஆளை இறக்குவார்கள். எந்தச் சமூகத்தில் பிறந்தவனை இறக்குகிறார்கள் என்பதை நாடறியும்.

அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889-ல் அளித்த சூத்திரம், இன்றைய மென்பொருள்களின் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது. சரிவு நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும் என்பது அது காட்டும் கணக்கு. தெரிந்தும் சரிவைக் குறைப்பானேன்? சென்னை போன்ற சமவெளியிலே சரிவு கூடக்கூடக் குழாய் ஆழத்துக்குப் போகும். தோண்டும் கூலி ஏறும். நீரை மேலேற்ற நீரேற்று நிலையம் வேண்டும். "செலவு குறைந்த வழியைக் காட்டு" என்றால் கருவி காட்டிவிடும். கேட்டதைத்தான் அது கொடுக்கும். கேளாததைக் கொடுக்க அதற்கு நெஞ்சமில்லை!

இன்னொன்றும் உண்டு. முப்பதாண்டு கழித்துப் பெருகப்போகும் மக்களுக்காகப் பெருங்குழாய் பதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இன்றைய நீர் அதன் அடியில் நூலாக ஊர்ந்தால், வண்டல்தானே மிஞ்சும்? கணிப்பொறியைக் கனவிலும் காணாத 19-ஆம் நூற்றாண்டு இலண்டனில் இதற்கு வழி கண்டார்கள். 1858-ல் தேம்சு நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே உலுக்கியபின், பேசல்கெட் என்ற பொறியாளரின் தலைமையில் எழுந்த சாக்கடைகளில் பல முட்டை வடிவம் கொண்டவை. அடி குறுகியிருப்பதால் குறைந்த நீரும் விரைந்தோடும். வேண்டியது மூளை மட்டுமன்று, மனமும்!

கருவிக்கா பஞ்சம்? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் 1971-ல் உருவாக்கிய மென்பொருளை, இன்று எவரும் காசின்றிப் பெறலாம். பஞ்சம் பொறுப்புக்குத்தான். பழைய வரைபடத்தின் அளவை ஊட்டினால், விடையும் பழுதாகத்தானே வரும்? திரையிலே நேராக ஓடும் கோடு, ஒப்பந்தக்காரர் தோண்டிய பள்ளத்திலே கோணிப்போனால், கணிப்பொறியா வந்து நிமிர்த்தும்?

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடையில் இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ஆணையிட்டது. 2023-ல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, துயர் தீர்ந்ததா?

ஆகவே, நகராட்சிகளில் அமர்ந்திருப்போரை நாம் கேட்க வேண்டும். தெருவாரியாக, இன்றைய நீருக்குக் குழாயில் என்ன வேகம் என்ற பட்டியலை மக்கள் முன் வையுங்கள். வேகம் குறைந்த இடத்தில் எந்த இயந்திரம் தூர் வாரும் என்று எழுதுங்கள். பதித்த குழாயின் மட்டத்தை அளந்து பார்க்காமல் பட்டியல் தொகையைக் கொடுக்காதீர்கள்.

தோண்டும்போது மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு அடிக்கும், பின்னாளில் ஓர் ஏழையின் மூச்சை விலையாகக் கேட்பது திட்டமன்று, தீங்கு. மனிதன் இறங்கத் தேவையில்லாத சாக்கடையை வரையுங்கள். அந்தக் கணக்கைப் போடட்டும் கணிப்பொறி. அப்போது நாமே கைதட்டி வரவேற்போம்!