டாக்டரிடம் கஷாயத்தை மறைக்காதீர்கள்!

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே உறவுக்காரர்கள் ஆளுக்கொரு மருந்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். திருவையாற்றுச் சித்தப்பா கையில் ஒரு சூரணப் பொட்டலம், பாபநாசத்து அத்தை கையில் ஒரு பாட்டில் கஷாயம், மன்னார்குடி மச்சான் கையில் ஒரு சிமிழ் மெழுகு. எல்லாம் பாசம்தான். நோயாளியும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோதெரபிக்குப் போய்க்கொண்டே இதையும் முழுங்குவார். "பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவார்!" என்று வீட்டுக்குள் ஒரு ரகசிய ஒப்பந்தம் வேறு!

ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். அந்த ரகசியம்தான் ஆபத்து.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்கிறீர்களா? வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகளே வந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. அவ்வளவு வீரியம்! (இதைப் படித்துவிட்டு நித்தியகல்யாணியைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அளவு தெரியாத கீமோ அது.)

நீங்கள் சாப்பிடும் மருந்து எதுவானாலும் கல்லீரலும் சிறுநீரகமும்தான் அதைக் கையாள வேண்டும். திரிகடுகு சூரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிளகும் திப்பிலியும் இருக்கின்றன. இரண்டிலும் பைபரின் என்ற சத்து உண்டு. மஞ்சளின் சத்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் ஏறும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-லேயே கண்டார்கள். மஞ்சளுக்கு நல்லது, சரி. நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரைகளைக் கல்லீரலில் எந்த நொதி உடைக்கிறதோ, அதன் வேலையையும் பைபரின் மந்தப்படுத்தக் கூடியது. மாத்திரை உடம்பில் தேங்கினால் பக்கவிளைவு கூடும். ரசத்தில் போடுகிற மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தினம் இரண்டு வேளை சூரணமாகச் சாப்பிடுவது வேறு கதை.

ஆடுதின்னாப்பாளை இன்னும் மோசம். பூச்சி வெளியேறவும் தோல் நோய்க்கும் நாங்கள் பயன்படுத்திய மூலிகைதான். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் கொண்ட சீன மூலிகையை உடம்பு இளைக்கச் சாப்பிட்ட பெண்கள் பலருக்கு 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் சிறுநீரகம் பழுதானது. இந்த வகை மூலிகை மருந்துகள் புற்றுநோயையே உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-ல் அறிவித்தது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சிறுநீரகத்தைத்தான் சோதிக்கும். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்?

சீனாவில் இரண்டையும் சேர்த்துத்தானே தருகிறார்கள் என்பார்கள். உண்மைதான். நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு சீன மூலிகையைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த 34 ஆய்வுகளை, 2,815 நோயாளிகளின் கணக்கை, 2006-ல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது, இன்னும் கறாராகச் சோதிக்க வேண்டும் என்றும் அவர்களே எழுதினார்கள். கவனியுங்கள், அது கீமோவோடு சேர்த்து. கீமோவை விட்டுவிட்டு அல்ல. சித்த மருத்துவத்தில் நாம் அந்த அளவுக்குக்கூடக் கணக்கு வைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கீமோவையே நிறுத்திவிட்டு மாற்று மருந்தை மட்டும் நம்பியவர்கள் கதை என்ன? யேல் பல்கலைக்கழகத்தார் 281 பேரின் கணக்கைப் பார்த்து வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்த நுரையீரல் புற்றுநோயாளிகளைவிட இவர்களுக்குச் சாகும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல்!

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கீமோ ஏற்றிய ஒன்று, இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் அடித்தால், நம் வீடுகளில் கை தானாக நிலவேம்புக் குடிநீர்ப் பொட்டலத்துக்குப் போகும். "காலையில பாத்துக்கலாம்" என்பார்கள். வேண்டவே வேண்டாம்! தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் விடிவதற்குள் ஆளே போய்விடலாம்.

பத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் சிலர் முட்டை கூடாது, மீன் கூடாது, பால் கூடாது, பச்சரிசிக் கஞ்சி மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே எடை குறைந்து கொண்டிருக்கும் நோயாளிக்கு இது தண்டனை. அவருக்கு முட்டை கொடுங்கள், நன்றாக வெந்த மீன் கொடுங்கள், பருப்பு போட்டுக் குழையக் குழையச் சாதம் கொடுங்கள். கீமோ முடியும்வரை உள்ளுக்கு நான் பெரும்பாலும் எதுவும் தருவதில்லை. தந்தாலும் புற்றுநோய் டாக்டருக்குக் கடிதம் எழுதி, அவர் சரி என்ற பிறகுதான்.

அலோபதி டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷாயம் என்றதும் சீறி விழுந்தால் நோயாளி நிறுத்த மாட்டார், மறைப்பார். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியத்தையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். கண் நோயாளிகளுக்குப் படத்தோடு குறிப்பேடும் எழுதி வைத்தார்கள். அவர்களால் முடிந்தது நமக்கு முடியாதா?

அடுத்த தடவை கீமோவுக்குப் போகும்போது ஃபைலோடு அந்தப் பாட்டிலையும் பொட்டலத்தையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். லேபிள் இல்லையா? கொடுத்தவரிடம் எழுதி வாங்குங்கள். என்னென்ன மூலிகை, ரசம், கந்தகம், பாஷாணம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "அது குரு ரகசியம், எழுதித் தர முடியாது" என்கிறாரா? அந்த மருந்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.