பத்தவெச்ச மறுநாளே விரிசல்: வெல்டரைத் திட்டி என்ன பயன்?

"அண்ணே, நேத்துதானே பத்தவெச்சீங்க? பத்தவெச்ச இடம் அப்படியே இருக்கு, அதுக்குப் பக்கத்துல விட்டுடுச்சு!"

அறுவடை நேரத்தில் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பட்டறைகளில் இது பழகிப்போன பேச்சு. பழி வெல்டர் மேல் விழும். இல்லாவிட்டால் ராடு மேல் விழும். ஆனால் இரும்பு மாறிவிட்டது, பற்றவைக்கும் முறை மாறவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போடும் மைல்டு ஸ்டீலில் கார்பன் குறைவு. அவசரமாகப் பற்றவைத்தாலும் பெரும்பாலும் தாங்கும். டிராக்டர் அச்சு, அறுவடை இயந்திர ஷாஃப்ட் போன்றவை வேறு ரகம். கார்பனோடு குரோமியம், மாங்கனீசு போன்றவை சேர்ந்த உறுதியான கலப்பு எஃகு அது.

விரிசல் ஏன் வருகிறது?

மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி கடினமாகிவிடுவது. இரண்டு, ஈரம், எண்ணெய், துரு வழியாக ஹைட்ரஜன் உள்ளே புகுவது. மூன்று, ஆறும்போது உலோகம் சுருங்கி இழுப்பது. ஹைட்ரஜன் மெதுவாக நகரும். அதனால்தான் சில விரிசல்கள் ஒருநாள், இரண்டு நாள் கழித்து வருகின்றன. வேலை முடிந்ததும் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

தடுப்பது எப்படி?

முதலில் எண்ணெய், துருவைச் சுத்தமாக எடுக்க வேண்டும். அடுத்து, 7018 போன்ற குறைந்த ஹைட்ரஜன் ராடு. கடலோரக் காற்றில் பிரித்துப் போட்ட ராடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 250 முதல் 350 டிகிரி வரை, ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும். பிறகு, எஃகின் வகை, தடிமனைப் பொறுத்து 150 முதல் 300 டிகிரி வரை முன்சூடு. முடிந்ததும் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இதே மருந்து அல்ல. பால் கேன், ஹோட்டல் பாத்திரத்துக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு முன்சூடு தேவையில்லை. அதிகச் சூடே அதற்கு எதிரி. ஸ்டீயரிங் பாகங்களையும் பட்டை ஸ்பிரிங்கையும் பற்றவைக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

இங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்குள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் நீராவிக் கலன்களில், 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த எஃகுக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே தண்ணீர், வெளியே உருகிய சோடியம். இரண்டும் சந்தித்தால் தீ பிடிக்கும். இந்த வகை எஃகைப் பொதுவாக 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிய பிறகே பற்றவைப்பார்கள். முடித்தபின் மறுபடி ஏறக்குறைய 760 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்துவார்கள். அடிப்படை நம் பட்டறைக்குச் சொன்ன அதே பாடம்தான்.

அப்படியானால் இங்கே தடை என்ன? நாம்தான். "வண்டி நிக்குது, சீக்கிரம் முடிங்க" என்கிறோம். சூடாக்கும் அரை மணி நேரத்துக்கும் கேஸுக்கும் கூலி கொடுக்க மனசு வருவதில்லை. கரும்பு ஏற்றிய டிரெய்லரின் கொக்கி விழுப்புரம் சாலையில் கழன்றால், பின்னால் பைக்கில் வருபவர்தான் அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பார்.

அரசுக்கும் பங்கு உண்டு. திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் இயங்குகிறது. அந்த அறிவு கொம்யூன் பட்டறை வரை இறங்கிவர, குறுகிய பயிற்சியும் பொது ராடு அடுப்பும் போதும். பெரிய செலவில்லை.

அடுத்தமுறை பட்டறைக்குப் போனால், "எவ்வளவு ஆகும்?" என்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, இதைச் சூடு பண்ணிட்டுப் பத்தவைக்கணுமா?" ஆமாம் என்றால், காத்திருங்கள்.