கணக்குப் பார்க்கையில் பிள்ளைகளும் உடனிருக்கட்டும்

பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாகாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டமாக நிலவி வருகிறது. பெரியவர்கள் வரவு செலவு பேசத் தொடங்கினால் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுகிறோம். 'உனக்கெதற்கு அந்தக் கவலை? நீ படி' என்கிறோம். அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆயினும் அந்த அன்பு பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறதா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் உம்மாவின் நகைகள் மூன்றாண்டுகளாக அடகில் இருப்பதை இறுதியாண்டில்தான் அறிந்தார். அதற்கு முந்திய மாதம்தான் அடம்பிடித்து விலையுயர்ந்த கைப்பேசி ஒன்றை வாங்கியிருந்தார். 'முன்பே சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேனே, ஐயா' என்று நம் முன் அழுதார். அவருக்கு நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. குற்றம் அவருடையதன்று.

இத்தனைக்கும் நம் கடற்கரை, கணக்கை ஒளிக்காமல் பலரறியப் பார்த்த கரை. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், படகில் வந்த சிப்பிகளைக் குளியாட்களே மூன்று குவியல்களாகப் பிரித்து வைப்பர். அரசின் ஆள் வந்து இரண்டைச் சுட்டுவார். எஞ்சிய ஒன்று குளியாட்களுக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் எனத் தெரியாதாகையால், பிரிப்பவர் மூன்றையும் சமமாகவே பிரித்தாக வேண்டும். நேர்மையைப் போதிக்க இதனினும் எளிய வழி உண்டோ! 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் சலாபம் நின்றுபோயிற்று. எனினும் பங்கு முறை மீன்பிடியில் இன்றும் வாழ்கிறது. ஏலம் போன மீனின் தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்த பின்னரே படகுக்கும் ஆளுக்கும் பங்கு பிரியும். கரையில் நின்று அதைப் பார்க்கும் சிறுவன், வரவு வேறு, வருமானம் வேறு என்பதைப் பாடநூலின்றியே கற்றுக்கொள்கிறான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, தன் மீனை அவரிடமே கொடுக்க வேண்டியிருப்பதையும் காண்கிறான். கடனுக்கு வட்டி மட்டுமே விலையன்று என்பது அவனுக்குப் புரிகிறது.

ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பணம் வரும் ஊருமன்று இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்களில் வேலையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. காயல்பட்டினத்திலோ, ஆண்கள் கொழும்பில் வணிகம் செய்த காலத்தில், வந்த பணத்தை நாள் எண்ணிச் செலவிட்டுக் குடும்பத்தை நடத்தியவர்கள் உம்மாக்களே. மிளகாயும் அரிசியும் அளந்து வைத்த அந்த அடுக்களைகளைப் பொருளாதார வகுப்பறைகள் என்றால் மிகையாகாது.

இன்று சம்பளம் வங்கியில் விழுகிறது. தேநீர்க் கடையில்கூடக் கைப்பேசியைக் காட்டினால் போதும். பணம் வருவதையும் பிள்ளை பார்ப்பதில்லை, போவதையும் பார்ப்பதில்லை. அது தீராத ஊற்று என்று அவன் எண்ணினால் வியப்பென்ன? கண்ணுக்குத் தெரிந்தவரை தானே அறிந்துகொண்டான். தெரியாத போது நாம்தான் அறிவிக்க வேண்டும். மாதத்தில் ஒருநாள் மின் கட்டணமும் மளிகைச் சீட்டும் அடகு ரசீதும் அவன் முன் விரிக்கப்படட்டும். கூட்டிப் பார்க்கும் வேலையை அவனிடமே விடலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்தலாம். கடைக்குச் சென்று ஏமாந்து வந்தால் திட்ட வேண்டா. பத்து ரூபாயில் ஏமாறுவது மலிவான படிப்பு.

'இதை வாங்கினால் அது இலவசம்' என்று அவன் வந்து நிற்கும்போது, இத்துறைமுகத்தின் கதையையே சொல்லலாம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். போட்டியாக நின்ற வெள்ளையர் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார், 1911இல் கம்பெனி கலைந்தது. போட்டிக் கப்பல் போன பின் கட்டணத்தை யார் நிர்ணயிப்பார் என்று குடை வாங்கியவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பர்? இக்கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சற்று மௌனமாக இருந்தால் போதும்.

அநாதைகளின் சொத்தைப் பேணுவோர், அவர்களை உரிய வயது வரை சோதித்து, தெளிவைக் கண்ட பின் ஒப்படைக்க வேண்டும் எனத் திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயம் பணிக்கிறது. சிறு தொகை கொடுத்து வாங்கி விற்கச் செய்து பார்ப்பதும் அச்சோதனையில் அடங்கும் என்பர் உரையாசிரியர் சிலர். பிறர் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை நம் பிள்ளைக்குச் செய்யாமல் விடலாமா?

பிஞ்சு நெஞ்சில் பாரத்தை ஏற்றுவதா என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வி. வீட்டின் கடன் இவ்வளவு என்று பிள்ளைக்குச் சொல்வது வேறு. அக்கடனை அவன் தலையில் வைப்பது வேறு. வேடிக்கை என்னவெனில், கணக்கைச் சொல்லத் தயங்கும் அதே வீடுகளில்தான், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கையில், 'வாப்பா இல்லை என்று சொல்லிவிட்டு வா' எனப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அவன் போய்ச் சொல்கிறான். உள்ளே வாப்பா இருமாமல் அமர்ந்திருக்கிறார் என்பது வந்தவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.