பூ இல்லாத கிண்ணம்

2025 செப்டம்பர் 22 முதல், பீங்கான், செராமிக் பாத்திரங்களுக்கான வரிக் குறியீடுகள் 6911, 6912 இரண்டுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. 600 ரூபாய்க் கிண்ணத்துக்கு 72 ரூபாய் வரி போட்ட பில்லில் இப்போது 30 ரூபாய். இந்த இதழ் இதை மனதார வரவேற்கிறது.

பதிவு பெற்ற பட்டறைகள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விற்பனை வரி குறைந்ததே தவிர, ஃப்ரிட், கோபால்ட் ஆக்சைடு, சூளைத் தட்டு, வணிக சிலிண்டர் எல்லாம் 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. கிரெடிட் லெட்ஜரில் பணம் தேங்கும். ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் கூரியர் போன்ற சேவைகளுக்குக் கட்டிய வரி அந்தக் கணக்கில் வராது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதிசெய்துவிட்டது. புதிதாக கேஸ் சூளை வாங்கியவர்களுக்கு அந்த மூலதன வரியும் அப்படித்தான். சவுக்கு விறகில் சுடுபவர்களுக்கு விறகுக்கு வரியே இல்லை என்பதால் பாரம் கொஞ்சம் குறைவு. மற்றதை ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் பதிவே பெறாதவர்கள். ஒரு சக்கரம், ஒரு சூளை, மண் பிசைய ஓர் ஆள். இவர்களுக்கு 12 என்றாலும் 5 என்றாலும் ஒன்றுதான். இவர்களை இடிப்பது வரம்பு. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அது 20 லட்சம். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ஊர் அது. இந்தியாவில் கைவினை ஸ்டோன்வேர் என்று ஒன்று வேர்விட்ட அந்த ஊரில் வரம்பு பாதி. எல்லையைத் தாண்டி ஆரோவில் பக்கம் விழுப்புரம் மாவட்டத்துக்குள் சக்கரத்தைப் போட்டால் முழுசு. மண்ணும் விறகும் ஒன்றே. இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணத்தை யாராவது நம் கைவினைஞர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வரம்பும் சொந்த மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். பெங்களூரிலிருந்து ஒருவர் ஆறு கிண்ணம் கேட்டால், முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் போனால் மாநிலம் தாண்டவே முடியாது. தப்ப ஒரு வழி இருக்கிறது. அரசின் பட்டியலில் உள்ள கைவினைப் பொருளாக ஏற்கப்பட்டால், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருப்பவர் பான் எண்ணும் இ-வே பில்லும் வைத்துக்கொண்டு பதிவில்லாமல் அனுப்பலாம்.

எது கைவினைப் பொருள்? 2018 ஜூலையில் வந்த அறிவிக்கை சொல்கிறது: பெரும்பாலும் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அலங்காரம், பதிப்பு வேலை அல்லது அதுபோன்ற கணிசமான வேலையால் கண்ணுக்கு அழகு கூடியிருக்க வேண்டும். அதே பயனுள்ள இயந்திரப் பொருளிலிருந்து நன்றாக வேறுபட்டிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதியதையே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. வரி விகிதத்தைத் தொட்டவர்கள் இந்த விளக்கத்தின் இரண்டாவது வரியையும் தொட்டிருக்கலாம்.

சோறு போட்டுச் சாப்பிடும் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுங்கள். வாய் ஆறு அங்குலம். விளிம்பு உதட்டுக்கு மெல்லிசாக இருக்கிறது. ஆனால் கழுவும்போது தொட்டியில் இடித்தால் சில்லு பெயராத அளவுக்கு உருட்டிவிட்டிருக்கிறது. உள்ளே ஒரே வளைவு, எங்கும் முனை இல்லை. விரல் கடைசிப் பருக்கை வரை வழித்தெடுக்கும். அடிவளையத்தின் உயரம், சூடான ரசம் ஊற்றினாலும் இரண்டு விரலால் தூக்குகிற மாதிரி. 1280 டிகிரியில் மண் இறுகி, உமிச்சாம்பல் கிளேஸ் மண்ணோடு சரியாகப் பொருந்தி, வருடக்கணக்கில் புளியும் மோரும் பட்டும் ஒரு கிரேஸிங் கோடு ஓடவில்லை. வேலைப்பாடு என்பது இதுதான். இந்த வளைவு கைக்கு வர எத்தனை கிண்ணத்தை அறுத்துப் போட்டோம் என்று நமக்குத் தெரியும். சட்டத்தின் கண்ணில் இதில் வேலையே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் ஸ்டால் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி என் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் சார் இருக்கு. இதுல வேலைப்பாடு எங்க?" என்றார். பன்னிரண்டு கிண்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன், ஆடாமல் நின்றன. "கடையில வாங்கின மாதிரியே இருக்கே" என்று ஃபைலை மூடிவிட்டார். எந்தத் திறமைக்காகக் கை இருபது வருடம் பழகியதோ, அதுவே குற்றமாகிவிட்டது. எனக்கு அடுத்து நின்றவர் ஜிகர்-ஜாலி இயந்திரத்தில் உருவாக்கிய ஆலைக் குவளைகளை வாங்கி மீன் வரைந்து கொண்டுவந்திருந்தார். அவருக்கு ஸ்டால் கிடைத்தது. வரைந்தவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் வரைவதைக் கைவினை என்றும் வனைவதை வெறும் பாத்திரம் என்றும் பிரிக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

ஜப்பானில் 1974-இல் மரபுக் கைவினைகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். அதன் முதல் நிபந்தனையே, பொருள் முக்கியமாக அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்க வேண்டும் என்பது. கையால் செய்வது, மரபான நுட்பம், மரபான மூலப்பொருள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். டெபோரா ஸ்மித் பயின்ற பிசென் ஊரின் மண்பாண்டம் அந்தச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றது. அங்கே கிளேஸ்கூடப் பூசுவதில்லை. அதே பிசென் கிண்ணத்தை நம் அறிவிக்கையோடு ஒப்பிட்டால், இரண்டாவது வரியிலேயே சிக்கிக்கொள்ளும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுப் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைப் பாருங்கள். கழுத்தில் பழுப்பு, உடம்பில் வெள்ளை, அவ்வளவுதான். உப்பையும் புளிப்பையும் வருடக்கணக்கில் தாங்கிய பாத்திரத்தில் பூ எங்கே இருந்தது?

கேட்பது இரண்டு. முதலாவதாக, கைவினை விளக்கத்திலிருந்து அலங்கார நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். அல்லது அதற்கு மாற்றாக "அன்றாடப் பயன்பாடு" என்பதைச் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, புதுச்சேரி வரம்பை 40 லட்சமாக்க வேண்டும். இரண்டாவதற்குச் சட்டமன்றத்தில் இருப்பவர்களைப் பிடித்துக் கேளுங்கள். முதலாவதற்கு, கைவினை அபிவிருத்தி ஆணையர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாக எழுத வேண்டும். கடிதத்தோடு ஒரு கிண்ணமும் அனுப்புங்கள், அவர்கள் அதில் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

என்னிடம் வேலை கற்ற ஒரு பெண் சென்ற மாதம் ஒரு பெட்டி கிண்ணம் கொண்டுவந்தாள். வடிவம் குறை சொல்ல முடியாதது. ஆனால் ஒவ்வொன்றின் உள்ளடியிலும் ஆறு இதழ்ப் பூ ஒன்றை வெட்டியிருந்தாள். எதற்கும்மா என்றேன். "வெளிமாநில ஆர்டருக்கு சார், கேட்டா காட்டணும்ல" என்றாள். மதியம் அதிலேயே தயிர்சாதம் சாப்பிட்டோம். கழுவும்போது இதழ்களுக்குள் பருக்கைகள் தங்கிவிட்டன; நார் உள்ளே போகவில்லை. அவள் குழாயடியில் நின்று ஒரு துடைப்பக்குச்சியை ஒடித்து ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.