கோழி மேல் குற்றமில்லை!



சந்தை நாள் வந்தால் பொரிச்ச கோழி வண்டி முன்னாடி நம்ம பள்ளிக் கூட்டம்தான் நிக்குது. "அதெல்லாம் விஷம், தொடாதே" என்று பெரியவங்க திட்டுறாங்க. திட்டுனா மட்டும் யாரும் நிறுத்த மாட்டாங்க. எது நல்லது, எது கெடுதல் என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கோழிக்கறி நல்ல உணவு. தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் கறியில் 25 கிராமுக்கு மேல் புரதம் இருக்கு. கலோரி ஏறக்குறைய 180 தான். அதே கறிக்கு மைதா, ரஸ்க் தூள் என்று சட்டை மாட்டிப் பொரித்தால் 100 கிராமுக்கு 250 முதல் 300 கலோரி வரை போகும். புரதமோ கூடாது, குறையும். ஏன் தெரியுமா? சூட்டில் மாவில் உள்ள தண்ணீர் ஆவியாக வெளியே போகுது. அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துக்குது. 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி! அதுவும் திரும்பத் திரும்பக் கொதித்துக் கறுத்த எண்ணெய் என்றால் உடம்புக்கு இன்னும் கெடுதல்.

மொறுமொறுப்பை விடாமலே கெடுதலைக் குறைக்கலாம்:

1. தோலை நீக்கிடணும்.
2. கலர்ப் பொடி வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள், தயிர், எலுமிச்சை போதும்.
3. மாவு லேசா ஒட்டினால் போதும்.
4. இட்லிப் பானையில் நல்லா வேகவைத்து, தோசைக்கல்லில் 2 ஸ்பூன் எண்ணெய் விட்டுப் புரட்டி எடுக்கலாம்.
5. பொரித்தே ஆகணும்னா எண்ணெய் நல்லாக் காய்ந்த பிறகு போடணும். காயாத எண்ணெயில் போட்டால் மாவு எண்ணெயைக் குடிச்சிரும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். பல வீடுகளில் கறித்துண்டு அப்பா தட்டுக்கும் அண்ணன் தட்டுக்கும் போகுது. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் குழம்பு மட்டும்தான். வளர்கிற வயசு எங்களுக்கும்தானே? அப்புறம் "பொட்டப்புள்ள கடையில நின்னு திங்குது"ன்னு கோபப்பட்டால் எப்படி? வீட்டுச் சட்டியிலிருந்து எங்க தட்டிலும் சமமா ரெண்டு துண்டு விழட்டும். வண்டிப் பக்கம் போற ஆசை பாதி குறைஞ்சிரும்.

பையன்களே, நீங்களும் இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்க. சிந்திப்போம்! சமமாய் உண்போம்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி